கொல்லையைக் கூட்டிவிட்டுப் பறவையைத் தேடாதீர்கள்

சென்ற கார்த்திகையில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் என்னைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பறவை பார்க்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கழுத்தில் புது பைனாகுலர், கையில் நோட்டு. "அண்ணே, வலசைப் பறவை வர்ற நேரம்னு சொன்னீங்கள்ல, கொல்லையை எப்படி வச்சிருக்கேன் பாருங்க" என்றார்.

பார்த்தேன். மாமரத்தடியில் ஒரு சருகு இல்லை. கிளுவை வேலியை இடுப்பளவுக்கு வெட்டியிருந்தார்கள். மூலையில் குப்பை புகைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு தட்டில் அரிசியும் கம்பும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். வயிறு எரிந்தது.

சத்தம் போடக்கூடாது, பளிச்சென்ற சட்டை வேண்டாம் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சருகைக் கூட்டுவது

தஞ்சை மாவட்டத்துக் கொல்லைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். அடுப்படியைத் தாண்டினால் கிணறு, அப்புறம் வாழை, மா, நாரத்தை, கடைசியில் வேலி. நான் கவனிக்கத் தொடங்கிய முதல் வருஷம் எங்கள் மாமரத்தடிக்கு ஓர் ஆறுமணிக்குருவி வந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்று தேடும் அளவுக்குக் குட்டை. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவோடு இரவாகப் பறந்து வருகிற பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பெயர் அதனால் வந்தது. பங்குனி வரை அந்த மரத்தடியிலேயே இருந்தது.

அடுத்த வருஷம் அதை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புரட்டாசிக் கடைசியில் ஆள் வைத்து இரண்டு நாள் கொல்லையைச் சுத்தம் செய்தேன். சருகை எரித்தேன், வேலியை வெட்டினேன், நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐப்பசி போனது, கார்த்திகையும் போனது. காகம், மைனா, மாடப்புறா, அணில் தவிர ஒன்றும் வரவில்லை. மார்கழியில் ஒரு மாலை அந்தச் சீழ்க்கை கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், பல வருஷமாகப் பூட்டிக்கிடக்கும் வீட்டின் கொல்லையிலிருந்து. அங்கே யாரும் பெருக்குவதில்லை. கணுக்கால் புதையும் சருகு.

அந்தக் குளிர்காலம் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. இன்றும் யாராவது சருகுக்குத் தீ வைத்தால் அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது.

காரணம் எளிது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சருகுக்கடியில் மண்புழு, கறையான், பிள்ளைப்பூச்சி, வண்டுப் புழு எல்லாம் இருக்கும். ஆறுமணிக்குருவி தத்தித்தத்திப் போய் அலகால் இலையைப் புரட்டித்தான் சாப்பிடும். செந்தலைப் பூங்குருவியும் அப்படித்தான். கொடிக்கால் வாலாட்டியும் சருகுமேல்தான் நடந்து பூச்சி பொறுக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். வெற்றிலைக் கொடிக்கால் நிழலில் திரிவதைப் பார்த்துத்தான் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெருக்கிய தரை இவற்றுக்கு வெறும் தரை.

பாம்புக்குப் பயந்துதான் கூட்டுகிறோம் என்று வீட்டில் சொல்வார்கள். நியாயமான பயம். அடுப்படியிலிருந்து கிணறு வரை நடக்கிற வழியைப் பெருக்குங்கள். வீட்டை ஒட்டிச் சருகு சேரவிடாதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கடைசி மரத்தடியில் பத்தடிக்குப் பத்தடி மட்டும் தொடாமல் விட்டால் போதும். தவிட்டுக்குருவிக் கூட்டம் அங்கே இறங்கி இலையைப் புரட்டத் தொடங்கினால் இடம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2015 முதல் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எண்ணி, இபேர்ட் (eBird) என்கிற இணையப் பறவைப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதற்குச் சற்று முன்புதான் போகி வருகிறது. வருஷம் முழுக்கச் சேர்ந்த சருகை அன்று கொளுத்திவிட்டு, கணக்கெடுப்புக்கு உட்கார்ந்து "ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறோம். போகிக்கு வீட்டுக்குள் இருக்கிற பழசைக் கழியுங்கள். கொல்லைச் சருகு பழசு இல்லை.

வேலியை வெட்டுவது

பங்குனிக்குப் பிறகு வெட்டுங்கள்.

தட்டில் தானியம்

தானியத்துக்குப் புறாவும் அணிலும் வரும். நம் கொல்லைக்கு வருகிற வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை, அரிசியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வைக்க நினைத்தால் தண்ணீர் வையுங்கள். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம், தினமும் மாற்றுங்கள். அதுவும் மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் தேவைப்படும்.

பூச்சிமருந்து

அடித்தால் எதுவும் வராது.

விழுந்த பறவைக்கு வாயில் தண்ணீர் ஊற்றுவது

ஐப்பசி, கார்த்திகையில் களைத்துப்போன ஆறுமணிக்குருவி விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் வந்துவிடும். கையில் பிடித்து, அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றி, சோறு திணித்து, பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் செத்துவிடும். ஒன்று என் கண் முன்னாலேயே செத்தது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் துணி விரித்து இருட்டில் விடுங்கள். விடிந்ததும் பூனை இல்லாத மர நிழலில் திறந்துவிடுங்கள். பறக்க முடியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கைபேசியில் குரலைப் போட்டு அழைப்பது

தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலையும். செய்யாதீர்கள்.

பழுப்புக் குருவியை ஒதுக்குவது

வேலிக்குள்ளிருந்து நாள் முழுக்க "டக், டக்" என்று நாக்கைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். பழுப்புநிறம், சிட்டுக்குருவியைவிடச் சிறியது, ஒரு கணத்துக்குமேல் கண்ணில் நிற்காது. தையல்சிட்டு என்று தள்ளிவிடுவோம். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்து தொடங்கி சைபீரியா வரை கூடு கட்டுகிற பறவை, ஆறேழு மாதம் உங்கள் கிளுவை வேலியில் இருக்கிறது. கண்ணால் துரத்தாமல் காதால் பழகுங்கள். ஒரு வாரத்தில் பிடிபடும்.

பொங்கலோடு நிறுத்திவிடுவது

பலரும் தை பிறந்ததும் பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கதிர்க்குருவி கிளம்புவதற்கு முன், மாசி, பங்குனியில், "டக்"கை விட்டுவிட்டு வேலிக்குள் தாழ்ந்த குரலில் பாடிப் பழகும். கிணற்றடியில் வாளிச் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். தவறவிட்டால் மறுபடி அடுத்த பங்குனிதான்.