புட்டிப் பசையில் வந்த மணல்

மூன்று நாள் வீணானது. பழைய ஈயப் படைவீரன் ஒருவனுக்கு வேறொரு பொம்மையின் கையை ஒட்டி, தோள் இடைவெளியை எபோக்சி புட்டியால் (இரு கூறுகளைப் பிசைந்து கலந்தால் இறுகும், களிமண் போன்ற பசை) அடைத்தேன். நீலமும் மஞ்சளும் பச்சையாகும் வரை பிசைகிற நாடா வகை. வழித்துவிடும்போதெல்லாம் மணல் போலச் சிறு கட்டிகள். கொழும்பு வெள்ளவத்தை வெக்கைதான் காரணம் என்று இரவில் பிசைந்தேன். மஞ்சளைக் கூட்டிப் பார்த்தேன். புட்டி இளகி விரலில் ஒட்டியது, கட்டி அப்படியே இருந்தது.

அப்புறம்தான் நாடாவை வெளிச்சத்தில் பிடித்தேன். இரு நிறமும் தொட்டுக்கொள்ளும் நடுக்கோட்டில் மெல்லிய பச்சை இழை! பொட்டலத்துக்குள்ளேயே இறுகிப்போன பகுதி அது; எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. நடுவில் 2 மில்லிமீட்டரைப் பிளேடால் வெட்டி எறிந்தேன். ஈரக் கத்திமுனைக்குத் தோள் வழுவழுவென்று வந்தது. அப்பாடா! மிச்ச நாடாவை நிறம் பிரித்து, தனித்தனிப் பையில் வைத்துவிட்டேன்.