ராத்திரி ரெண்டு மணிக்கு முகம் தெரியாத ஒருத்தர் அழுதா இன்னா பண்றது

காட்பாடி ஸ்டேஷன் பக்கத்துல வீடு, ரயில் சத்தத்துல முழிப்பு வந்து போன எடுத்தா யாராவது "ஒண்ணும் புடிக்கல"ன்னு ஒரு வரி போட்டிருப்பாங்க. அப்படிப்பட்டவங்ககிட்ட நாலஞ்சு வருஷமா பேசிக்கினு இருக்கேன், அதுல கத்துக்கினத சொல்றேன்.

எடுத்தவுடனே "எல்லாம் சரியாயிடும்"னு போடாதீங்க. போன கோடைல குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருத்தன், அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வராண்டால உக்காந்து டைப் பண்ணான், நானும் அதத்தான் போட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. இருபது நிமிஷம் கழிச்சு "சாப்டியா பா?"ன்னு கேட்டேன். காலைலருந்து ஒரு டீதான்னான், அப்புறம் மடமடன்னு கொட்டிட்டான், அக்கா நகைய அடகு வெச்சது வரைக்கும். அறிவுரை ஒண்ணும் சொல்லல, "இத இத்தினி நாளா தனியாவா வெச்சிக்கினு இருந்த"ன்னு மட்டும் கேட்டேன்.

அவங்க சொன்னத அவங்க வார்த்தையிலயே திருப்பி கேளுங்க. நம்ம கதைய நடுவுல நுழைக்க வேணாம். "நான் கேட்டுக்கினா போதுமா, யோசன எதனா வேணுமா?"ன்னு கேட்டுடுங்க, முக்காவாசி பேரு கேட்டா போதும்னுதான் சொல்றாங்க.

பேச்சு ஒரு மாதிரி போச்சுன்னா "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. ஆமான்னா பக்கத்துல யாரு இருக்காங்க, மாத்திரையோ பூச்சி மருந்தோ கைக்கெட்ற தூரத்துல இருக்கான்னு கேட்டு, அத வேற ஒருத்தர்கிட்ட குடுக்க வைங்க. 14416-க்கு போன் பண்ண சொல்லுங்க, அது டெலிமானஸ்னு மனநல உதவிக்கான அரசாங்க போன் லைன், 2022 அக்டோபர்லருந்து இருக்குது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி லைன் 104-ம் இருக்குது. மாத்திரை, மருந்து எதனா சாப்ட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா பேசிக்கினே இருக்காதீங்க, உடனே 108 ஆம்புலன்ஸ். அதனால "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் மட்டும் பண்ணாதீங்க. நம்ம ஊருக்காரங்கன்னா வேலூர் பாகாயத்துல சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட மனநல மையம் இருக்குது, அங்க குடும்பத்தையும் கூட தங்க வெச்சே வைத்தியம் பாக்கற வழக்கம் ரொம்ப வருஷமா இருக்குது, இத சொன்னா பாதி பயம் போயிடும்.

பணம் கேட்டா அனுப்பாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாருக்கும் காட்டாதீங்க.

தூக்கம் வந்தா பட்டுனு காணாம போகாதீங்க, "படுக்கப் போறேன், ஏழு மணிக்கு பாக்கறேன்"னு சொல்லிட்டு போங்க. அந்தப் பையனுக்கு அலாரம் வெச்சி 6:58-க்கே மெசேஜ் போட்டேன், "இட்லி வாங்கிக்கினு இருக்கேன் அண்ணா, அம்மாவுக்கும் சேர்த்து"ன்னு பதில் வந்துச்சு.