குட்டி ஹெலிகாப்டர் இறக்கை இனி வேரில் உடையாது

அப்பாடா, ஒருவழியாகத் தீர்ந்தது. வீட்டுக்கூடத்தில் ரிமோட்டில் விடும் ஈரடுக்கு (மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இறக்கை சுழலும்) பொம்மை ஹெலிகாப்டர். சுவரில் உரசினாலே கீழ் இறக்கை வேரில், அதாவது அதைப் பிடிக்கும் திருகுத் துளையருகே, விரிசல் விட்டது. சூப்பர் க்ளூ விட்டேன். பசை காய்ந்து விறைத்ததும் அதன் ஓரத்திலேயே மறுபடி உடைந்தது. நீளம் முழுக்க டேப் ஒட்டினால் நுனி கனத்து உடம்பே நடுங்கியது.

பலித்தது இது. இறக்கையை ஸ்பிரிட்டால் துடையுங்கள், எங்கள் டர்பன் (தென்னாப்பிரிக்கா) ஊர் ஈரக்காற்றில் துடைக்காமல் ஒட்டினால் நிற்காது. மெல்லிய செல்லோடேப் 3 செ.மீ., வேர்ப்பக்கம் மட்டும். இறக்கையின் அடியில் தொடங்கி முன்விளிம்பை (சுழலும்போது காற்றை முதலில் வெட்டும் ஓரம்) சுற்றி மேலே மடியுங்கள். டேப்பின் வெட்டுமுனை முன்விளிம்பில் நின்றால் காற்று உரித்துவிடும். எதிர் இறக்கைக்கும் அதே அளவு.

பலர் கவனிக்காதது திருகு. ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை தானாக மடிந்து தொங்குமளவு தளர்த்துங்கள். இறுகியிருந்தால் மோதும் அடி முழுவதும் துளையில்தான் இறங்கும்.