புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம்: சொந்தக் காரில் போய், நிறுத்திவிட்டுத் திரும்புவது எப்படி?

லாஸ்பேட்டையில் நமக்கும் ஒரு விமான நிலையம் இருக்கிறது. ஆனால் துபாய், சிங்கப்பூர் என்று வெளிநாடு கிளம்பினால் மீனம்பாக்கம்தான் போயாக வேண்டும். ஏறக்குறைய 145 கிலோமீட்டர். முதல்முறையாகக் காரை எடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. திரும்பும் நேரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

பலரும் போகிற நேரத்தை மட்டும் யோசிப்பார்கள். காரை எடுப்பதா வேண்டாமா என்பதைத் திரும்புகிற நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் பல விமானங்கள் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ இறங்குகின்றன. இரவெல்லாம் சரியாகத் தூங்காமல் வந்து, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, அப்புறம் மூன்று மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பது ஆபத்து. விடியும் முன் கண் தானாகச் சொருகும். நேரான நெடுஞ்சாலையில் அது தெரியவே தெரியாது. உங்கள் விமானம் அந்த நேரத்தில் இறங்கும், கூட ஓட்ட இன்னொருவர் இல்லை என்றால், தயவுசெய்து காரை எடுக்காதீர்கள்.

பகலில் இறங்குகிறீர்கள், நாலைந்து நாள் பயணம்தான் என்றால் கார் நல்ல வசதி. பார்க்கிங் கட்டணத்தை நாட்களால் பெருக்கி, போக வர டாக்ஸி வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் கூடக் கூடக் கணக்கு டாக்ஸி பக்கம் சாயும்.

தாம்பரத்தில் உறவினர் வீடு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. காரை அங்கே விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறினால், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி திரிசூலம். எதிரே விமான நிலையம். ஒரு பெட்டியோடு போகிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2. கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மதியம் 2 மணிக்கு வெளிநாட்டு விமானம் என்று வைத்துக்கொள்வோம். 11 மணிக்கு டெர்மினல் வாசலில் இருக்க வேண்டும். இடம் தேடி வண்டியை நிறுத்தி, நடந்து வர அரை மணி: 10.30. சாலையில் மூன்று மணி நேரம்: 7.30. டீ, பஞ்சர், மழை என்று இன்னும் ஒரு மணி நேரம்: காலை 6.30.

அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் கை வைக்காதீர்கள். செங்கல்பட்டு வரை வண்டி நன்றாகவே ஓடும். அதற்குப் பிறகு வரும் 40 கிலோமீட்டர்தான் நேரத்தைத் தின்னும்: சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை மாலையிலும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளிலும் தென்மாவட்ட வண்டிகள் எல்லாம் இதே சாலையில்தான் சென்னைக்குத் திரும்பும். அன்றைக்குப் பரனூர் சுங்கச்சாவடியிலேயே வரிசை தொடங்கிவிடும். இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

3. வழி

புதியவர்கள் திண்டிவனம் வழியாகவே போங்கள். அங்கிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலை விமான நிலைய வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சுங்கச்சாவடிகள் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை அழகுதான். ஆனால் விமான நிலையம் அந்தப் பக்கம் இல்லை. கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக வண்டலூருக்கு வந்தால் மறுபடியும் அதே ஜிஎஸ்டி சாலை. பல்லாவரம் தாண்டியதும் இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

4. முந்தின நாள்

ஃபாஸ்டாகில் பணம், டயரில் காற்று. இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் நீங்கள் ஊரில் இல்லாதபோது காலாவதி ஆகாதா என்றும் பாருங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் முறுக்கு, பிஸ்கட் துணுக்குகளைத் துடைத்து எடுங்கள். நிற்கிற வண்டிக்குள் எலி புகுந்தால் வயரைக் கடித்துவிடும்.

5. நிறுத்தும்போது

வெளிநாடு என்றால் டெர்மினல் 2. உள்நாடு என்றால் 1 அல்லது 4, டிக்கெட்டில் இருக்கும். குடும்பத்தையும் பெட்டிகளையும் புறப்பாடு வாசலில் இறக்கிவிட்டு, உடனே வண்டியை நகர்த்துங்கள். அப்புறம் 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு பார்க்கிங்குக்கு வாருங்கள். மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலம் என்றால் மேல் தளத்தில் நிறுத்துங்கள். அடையாறு பக்கத்திலேயே ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது.

தளங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தூணில் உள்ள எழுத்தும் எண்ணும் தெரிய ஒரு படம், நீங்கள் இறங்கும் லிஃப்ட் வாசலில் ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் அது வேறொருவர் கையில் இருக்கும். டேஷ்கேம் (முன் கண்ணாடியில் மாட்டும் கேமரா) வைத்திருந்தால் அதன் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியைச் சத்தமில்லாமல் காலி செய்வது அதுதான். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் வண்டியை ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி விடாமல், சமதளத்தில் கியரில் போட்டு நிறுத்துங்கள். ஈரக் காற்றில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். பார்க்கிங் சீட்டு கொடுத்தால் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், காருக்குள் அல்ல.

6. திரும்பியதும்

டயர்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எடுக்கவில்லையா? திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாமல், இன்ஷூரன்ஸில் உள்ள சாலையோர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை ஊரிலேயே போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். வெளியே வரும்போது தாம்பரம் பலகையைப் பிடியுங்கள், கிண்டிப் பக்கம் போய்விட்டால் சுற்றித்தான் வர வேண்டும். வழியில் கொட்டாவி வந்தால் மேல்மருவத்தூரோ அச்சிறுப்பாக்கமோ, வெளிச்சமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி அரை மணி கண்ணை மூடுங்கள்.