"மேனேஜர் எப்போ வருவாங்க?": கலைஞர்களே நடத்தும் கூடத்துக்கு வரும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏணியில் நின்று சுவர் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பாலிஃபில்லா. மாஸ்டர்ஸ் படிக்கிற தம்பி ஒருவன், தோளில் சுருட்டிய கேன்வாஸோடு மூச்சு வாங்கப் படியேறி வந்து, "அக்கா, மேனேஜர் எப்போ வருவாங்க?" என்று கேட்டான். நான்தான் என்றதும் அவன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. மேனேஜர், பெருக்குகிறவர், சாவி வைத்திருப்பவர், மாதக் கடைசியில் வாடகைக்கு அல்லாடுபவர் எல்லாமே நாங்கள் நாலு பேர்தான். எங்களுக்குச் சோறு போட்டது வெளியில் ஆளுக்கொன்றாகப் பார்த்த வேறு வேலை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பழைய கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் வாயில் வரவில்லை) ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஆறு வருடம் அந்தக் கண்காட்சிக் கூடத்தை நடத்தினோம். வந்த மாணவர்கள் செய்த தவறுகளில் பாதியை நானும் மாணவியாக இருந்தபோது செய்திருக்கிறேன், அதனால் திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான்: "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்ற நினைப்பு. இங்கே அந்த யாரோ கிடையாது.

முதலில், எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிட்டி ஹாலில் இருக்கும் டர்பன் ஆர்ட் கேலரி நகராட்சியின் அருங்காட்சியகம். கிளென்வுட்டில் இருக்கும் கே.இசட்.என்.எஸ்.ஏ. (க்வாசூலு-நட்டால் கலைச் சங்கம்) 1905-ல் கலைஞர்கள் சங்கமாகத் தொடங்கி உறுப்பினர்களோடு வளர்ந்த இடம். வணிக கேலரி உங்கள் படத்தை விற்றுத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அந்தப் பங்கு பாதிவரைகூடப் போகும். கலைஞர்களே சேர்ந்து நடத்தும் கூடம் இது எதுவும் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2006-ல் கேப் டவுனில், கறுப்பின மக்களின் குடியிருப்பான குகுலேது டவுன்ஷிப்பில் குகுலெக்டிவ் என்ற கலைஞர் குழு ஒரு ஷெபீனில், அதாவது ஊர்க் குடிக்கடையில், தங்கள் வேலையைத் தொடங்கியது. நாலே வருடத்தில், 2010-ல், கேப் டவுன் தேசிய கலைக்கூடத்தில் நடந்த பெரிய கண்காட்சியின் தலைப்பிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. அந்தக் கண்காட்சியை அமைத்தவர் ரியாசன் நாயுடு, அப்போது அங்கே இயக்குநர். இதைக் கேட்டதும் பல மாணவர்கள் "ஓ, சின்ன இடத்தில் தொடங்கினால் பெரிய இடத்துக்குப் போகலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். அதுதான் என் பட்டியலில் முதல் தவறு. ஷெபீனைப் படிக்கட்டாக நினைத்திருந்தால் அங்கே அந்த வேலை நடந்திருக்காது. அங்கே வந்து போகிற மனிதர்கள்தான் அந்த வேலைக்கு உயிர்.

அடுத்தது விண்ணப்பம். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை வெட்டி ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். நாலு பக்கம் முழுக்க நினைவு, உடல், இடப்பெயர்வு, காலனியம், ஆனால் எத்தனை படம், எவ்வளவு அகலம், என்ன எடை, மின்சாரம் வேண்டுமா, ஆணி அடிக்க வேண்டுமா, எதுவும் இருக்காது. எங்கள் படிக்கட்டின் அகலம் 80 சென்டிமீட்டர்தான் இருந்தது. இரண்டு மீட்டர் மரப்பெட்டி ஒன்று நடுவழியில் மாட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் கீழே துணிக்கடைக்காரரின் வியாபாரம் கெட்டது, அதற்கு நான் போய் மன்னிப்புக் கேட்டேன், பெட்டிக்குச் சொந்தக்காரர் கேட்கவில்லை. எந்தக் கூடத்துக்கு எழுதினாலும் முன்பே ஒருமுறை நேரில் போய் அளந்துகொண்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரும். நம் பிள்ளைகள் அனுப்பும் விண்ணப்பங்களில் கப்பல், கரும்பு, ஆயாவின் சேலை இந்த மூன்றும் இல்லாதது அபூர்வம். 1860-ல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பல், 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 152,184 பேர், இதெல்லாம் நம் கதைதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூலிகளின் பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் பெரிதாக அச்சடித்து, மேலே கொஞ்சம் மஞ்சள் தடவினால் படைப்பாகிவிடாது. அந்த எண்ணுக்குரிய ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போனார், உங்கள் வீட்டில் அவரைப் பற்றி என்ன பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்று ஒரு வருடம் தோண்டின பிறகு வாருங்கள்.

தேதி விஷயத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். மாஸ்டர்ஸ் கண்காட்சி என்றால் தேர்வாளர்கள் வந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும், அவர்களில் ஒருவர் வெளியூர்க்காரராக இருப்பார், விமான டிக்கெட்டைப் பல்கலைக்கழகத் துறை போடும், அந்தத் தேதி உங்கள் கையில் இல்லை, எங்கள் கையிலும் இல்லை. "அநேகமா நவம்பர்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு அக்டோபர் கடைசியில் "தேதி மாறிடுச்சுக்கா, இரண்டு வாரம் தள்ளி வையுங்க" என்று வந்து நிற்பார்கள். அந்த இரண்டு வாரத்தில் வேறொரு பெண்ணின் முதல் கண்காட்சி இருக்கும். அவள் அழைப்பிதழ்கூட அடித்துவிட்டாள். துறையிடமிருந்து எழுத்தில் தேதி வாங்காமல் எந்தக் கூடத்திலும் நாள் குறிக்காதீர்கள். வளாகத்துக்கு வெளியே காட்டினால் தேர்வு விதி ஒத்துக்கொள்கிறதா, பல்கலைக்கழகத்தின் காப்பீடு அங்கேயும் செல்லுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். எங்கள் கட்டட முதலாளியின் காப்பீடு கட்டடத்துக்குத்தான் இருந்தது, உள்ளே மாட்டிய ஓவியத்துக்கு இல்லை. இதைக் கண்காட்சி முடிந்து கண்ணாடி உடைந்த பிறகுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

சரி, மாட்டுவதற்கு வருவோம். டர்பன் வெயில் காலத்து ஈரக்காற்றை மறந்துவிட்டு வெறும் காகிதத்தை டேப் போட்டு ஒட்டினால் மறுநாள் காலையில் அப்பளம் மாதிரி வளைந்து தரையில் கிடக்கும். பழைய கட்டடச் சுவர் செங்கல், மேலே உதிர்கிற பூச்சு. ரால்பிளக் (ஓட்டைக்குள் சொருகும் பிளாஸ்டிக் உறை) இல்லாமல் திருகாணி நிற்காது. டிரில், ரசமட்டம், ஏணி எங்களிடம் இருந்தன, ஆனால் பிட் உடைந்தால் வாங்கி வைப்பதும் உங்கள் வேலைதான். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வீடியோ வேலை என்றால் ஒரே பிளக்கில் நாலு மல்ட்டி அடாப்டர் சொருகாதீர்கள். மின்வெட்டு வந்தால் என்ன காட்டுவது என்று முன்பே யோசித்து வையுங்கள். ஒருமுறை திறப்பு விழா நடுவில் கரண்ட் போனபோது ஒரு மாணவி மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்து வீடியோவில் என்ன நடக்கிறது என்று வாயால் கதை சொன்னாள். வீடியோவைவிட அது நன்றாக இருந்தது என்று பிறகு நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டோம், அவளிடம் சொல்லவில்லை.

குடும்பப் புகைப்படம் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனியுங்கள். நம் நாட்டின் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஸ்டுடியோவில் படம் எடுக்கச் சொன்னவருக்குத்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதன் உரிமை. புகைப்படத்துக்கு உரிமைக் காலம் 50 வருடம். அதனால் தாத்தா காலத்து ஸ்டுடியோ படத்தில் சட்டச் சிக்கல் அநேகமாக வராது. ஆனால் பெரியம்மா வருவார். ஒரு மாணவர் தன் ஆயாவின் சாவு வீட்டுப் படத்தை மூன்று மீட்டர் அகலத்துக்கு அச்சடித்து மாட்டினார், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் அதற்கு எதிரே நின்றபோது கூடத்தில் சத்தமே இல்லை. பெரியம்மா அழுதுகொண்டே இறங்கிப் போனார். பல்கலைக்கழக நன்னெறிக் குழுவின் ஒப்புதல் தாள் மட்டும் அந்த மாணவரின் கோப்பில் பத்திரமாக இருந்தது.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். விற்றால் கூடத்துக்கு எத்தனை சதவீதம், வாடகையில் பங்கு உண்டா, வாங்குபவர் யாருடைய கணக்கில் போடுவார், எந்தத் தேதிக்குள் உங்களுக்கு வரும், விற்காததை எப்போது எடுத்துப் போவீர்கள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும், வக்கீல் வேண்டாம். நண்பர்களுக்குள் எதற்கு என்று எழுதாமல் விட்டதால் இரண்டு நட்புகளை நான் இழந்திருக்கிறேன்.

திறப்பு விழாவுக்கு வகுப்புத் தோழர்களும் ஆசிரியர்களும் வந்து, ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கீழே கடைக்காரர், எதிரே பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) விற்பவர், தமிழ்ப் பள்ளி டீச்சர், இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் நிறையக் கேள்வி கேட்பார்கள், தேர்வாளர் கேட்பதைவிடக் கஷ்டமான கேள்விகள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: செப்டம்பர் பாதிக்கு மேல் புரட்டாசி, நம் ஆட்கள் நிறையப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள். மட்டன் சமோசா மட்டும் வாங்கி அடுக்கிவிட்டு ஏன் யாரும் சாப்பிடவில்லை என்று முழிக்காதீர்கள், பீன்ஸ் கறியும் வையுங்கள். விழா முடிந்து மறுநாள் முதல் கூடத்தில் உட்காருவதும் உங்கள் முறைதான். படங்களைக் கூட்டம் வரும் முன்பே, காலை வெளிச்சத்தில், நல்ல கேமராவில் எடுத்துவிடுங்கள். பின்னால் எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும் கேட்கப்போவது அந்தப் படங்களைத்தான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "நாமே ஒரு கூடம் திறக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் பெயரை மட்டும் போடாதீர்கள், எங்களில் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் கடன் கட்டினார். ஒரு சின்ன அமைப்பு விதி எழுதி, சங்கம் மாதிரி வங்கிக் கணக்கு தொடங்கலாம். லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்வதானால் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். முடிவையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 2010-ல் தொடங்கிய சென்டர் ஃபார் ஹிஸ்டாரிக்கல் ரீஎனாக்ட்மென்ட்ஸ் என்ற கலைஞர் கூடம் 2012 இறுதியில் தன் சாவைத் தானே ஒரு நிகழ்வாக நடத்தியது. எங்களுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை, வாடகை ஏறினபோதுதான் மூடினோம்.

மேனேஜரைக் கேட்ட அந்தத் தம்பியா? அன்றைக்கே ஸ்கிரேப்பரைக் கையில் கொடுத்தேன். மூடின அன்று கடைசி ஓட்டையை அடைத்து, வெள்ளை பூசி, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தது அவன்தான். நான் வேலையில் மாட்டிக்கொண்டேன், போக முடியவில்லை.