வரி தகராறுல ஒரு மந்திரி ராஜினாமா பண்ணா, ஊர் பேசறதை எப்படி படிக்கிறது

ஒரு மந்திரி வரி விஷயத்துல மாட்டி ராஜினாமா பண்ணிட்டார்னு நியூஸ் வந்தா அரை மணி நேரத்துல டைம்லைன் முழுக்க ஒரே சத்தம். ஒருத்தர் ஒழிஞ்சதுடா சனியன்ங்கறார், இன்னொருத்தர் பாவம்ங்கறார், மூணாவது ஆள் அதுக்குள்ள மீமே போட்டு முடிச்சிட்டார், நடுவுல நாம ஃபோனை வச்சிகிட்டு யார் சொல்றது சரின்னு முழிக்கிறோம், கடைசில எந்த கமெண்ட்டுக்கு லைக் ஜாஸ்தியோ அதுதான் மக்கள் கருத்துன்னு முடிவு பண்ணிட்டு தூங்க போயிடறோம். நானும் இப்படித்தான் இருந்தேன். தலைப்பை மட்டும் பாத்துட்டு ஒருத்தரை திருடன்னு எழுதி, விசாரணை அறிக்கை வந்தப்புறம் சத்தமில்லாம டெலீட் பண்ண கதை எனக்கு இருக்கு. அதுக்கப்புறம் பழகிகிட்ட முறையைத்தான் இங்க எழுதறேன்.

முதல் வேலை: என்ன தப்புன்னு ஒரே வரில எழுதிப் பாருங்க

கமெண்ட் எதையும் படிக்கறதுக்கு முன்னாடி இதை பண்ணுங்க. வரி விஷயத்துல நாலு வேற வேற சமாச்சாரம் இருக்கு, ஊர் எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடும். வருமானத்தை மறைச்சு ஏமாத்தினா அது ஏய்ப்பு, குற்றம். சட்டத்துல இருக்கற சந்துல புகுந்து குறைச்சு கட்டினா அது தவிர்ப்பு, பாக்க அசிங்கமா இருக்கலாம் ஆனா பெரும்பாலும் ஜெயிலுக்கு போற விஷயம் இல்ல. கணக்கை தப்பா போட்டு கம்மியா கட்டறது மூணாவது. கட்ட வேண்டியது தெரிஞ்சும் இழுத்துகிட்டே போறது நாலாவது.

உதாரணத்துக்கு பிரிட்டன்ல நடந்ததை எடுத்துக்கலாம். 2025 செப்டம்பர் 5 அன்னைக்கு துணைப் பிரதமர் ஏஞ்சலா ரேனர் ராஜினாமா பண்ணாங்க. ஹோவ்ங்கற கடலோர ஊர்ல 8 லட்சம் பவுண்டுக்கு ஒரு ஃப்ளாட் வாங்கினாங்க, அதுக்கு ஸ்டாம்ப் டியூட்டி 30,000 பவுண்டு கட்டினாங்க, ஆனா ரெண்டாவது வீட்டுக்கான ரேட்ல 70,000 கட்டியிருக்கணும், ஆக 40,000 பவுண்டு குறையுது. இதுவரைக்கும் எல்லா தலைப்புலயும் வந்துது. தலைப்புல வராதது என்னன்னா, உடம்பு முடியாத தன் மகனுக்காக ஒரு டிரஸ்ட் இருந்துது, பழைய வீட்டுல இருந்த தன் பங்கை அந்த டிரஸ்டுக்கே வித்துட்டாங்க, அதனால இனிமே நமக்குன்னு இருக்கறது இந்த ஒரு வீடுதான்னு நினைச்சாங்க. ஆனா மைனர் பிள்ளைக்காக அந்த மாதிரி டிரஸ்ட்ல இருக்கற வீடு பெத்தவங்க வீடாவே எண்ணப்படும்னு சட்டத்துல ஒரு மூலைல எழுதியிருக்கு. விசாரிச்ச நெறிமுறை ஆலோசகர் லாரி மேக்னஸ், அவங்க நேர்மையாத்தான் நடந்துகிட்டாங்கன்னு சொன்னார், ஆனா வரி நிபுணர் யார்கிட்டயாவது கேளுங்கன்னு வந்த எச்சரிக்கையை கேக்கல, அதனால மந்திரிகளுக்கான நடத்தை விதியை மீறினதா ஆகுதுன்னும் சொன்னார்.

அறிக்கை வர்றதுக்கு முன்னாடியே அந்த ஃப்ளாட் கட்டட சுவத்துல வரி ஏய்க்கறவள்னு அர்த்தம் வர்ற மாதிரி யாரோ பெயிண்ட்ல கிறுக்கிட்டு போயிட்டாங்க. நம்ம நாலு வகைல பாத்தா இது மூணாவது. சுவத்துல இருந்தது முதல் வகை. இந்த இடைவெளியை பிடிச்சுகிட்டீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற கமெண்ட்ல பாதி தானாவே புரிய ஆரம்பிச்சிடும், ஏன்னா திட்டறவங்க ஒரு வகை தப்பை மனசுல வச்சு திட்டறாங்க, சப்போர்ட் பண்றவங்க இன்னொரு வகையை வச்சு பேசறாங்க, ரெண்டு பேரும் ஒரே ஆளை பத்தி பேசற மாதிரி தெரியும் ஆனா பேசறது வேற வேற கேஸ்.

ராஜினாமாவா, தூக்கினாங்களா, தள்ளி நின்னாங்களாங்கறதையும் அதே வரில சேத்துக்கோங்க. 2023 ஜனவரில பிரிட்டன்ல மந்திரியா இருந்த நதீம் ஜஹாவியோட வரி விவகாரம் வெடிச்சப்ப அவர் ராஜினாமா பண்ணல, பிரதமர் ரிஷி சுனக் பதவியை புடுங்கினார். இன்னைக்கும் நிறைய பேர் அவரும் ராஜினாமா பண்ணார்னே எழுதறாங்க.

தொகையை விட்டுட்டு நாற்காலியை பாருங்க

எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்த விஷயம் இது. ஜஹாவி வரித்துறையோட பேசி முடிச்ச தொகை அபராதத்தோட சேத்து சுமார் 50 லட்சம் பவுண்டுன்னு செய்தி வந்துது, ரேனர் விஷயம் 40,000. நூறு மடங்குக்கும் மேல வித்தியாசம். ஆனா ஜனங்க கோபம் நூறு மடங்கு வித்தியாசமாவா இருந்துது? இல்ல. கோபம் எப்பவும் ரூபாய் கணக்குல ஏறாது, அந்த ஆள் எந்த நாற்காலில உக்காந்திருந்தார், உக்காந்துகிட்டு மத்தவங்களை என்ன சொன்னார், அதுலதான் ஏறும். ரேனர் துணைப் பிரதமர் மட்டுமில்ல, வீட்டு வசதி மந்திரியும் கூட, வீட்டு வரில மாட்டினாங்க, அது போதாதுன்னு எதிர்க்கட்சில இருந்தப்ப அடுத்தவங்க வரி விவகாரத்தை விடாம கிழிச்சவங்க. ஜஹாவி நிதி மந்திரியா இருந்த காலத்துலயே வரித்துறையோட செட்டில் பண்ணவர், அதாவது அந்த துறையே அவர் கைக்குள்ளதான் இருந்துது.

ஜப்பான் கேஸ் இதைவிட சூப்பர். 2023 நவம்பர்ல நிதித்துறை துணை மந்திரி கென்ஜி கண்டா ராஜினாமா பண்ணார், அவரோட கம்பெனி சொத்து வரி கட்டாம இழுத்து, நிலமும் கட்டடமும் நாலு தடவை ஜப்தி ஆயிருந்துது. ஆள் படிச்சு லைசென்ஸ் வாங்கின வரி கணக்காளர்! அந்த நேரம் பாத்து பிரதமர் கிஷிடாவை வரி ஏத்தற கண்ணாடிக்காரர்னு ஜப்பான்ல கிண்டல் பண்ணிகிட்டு இருந்தாங்க, அந்த சூட்டுல இது போய் விழுந்தா எப்படி இருக்கும். சின்ன தொகையா பெரிய தொகையான்னு யாரும் கேக்கல. ஊருக்கு உபதேசம் எனக்கு இல்லடி கண்ணேன்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சது அவ்வளவும் இந்த ஒரு ராஜினாமால அடங்கிடுச்சு.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, பொய். பிரான்ஸ்ல ஜெரோம் கஹுஸாக், பட்ஜெட் மந்திரி, வரி ஏய்ப்பை ஒழிக்கறதுதான் அவர் வேலை. வெளிநாட்டுல ரகசிய அக்கவுண்ட் வச்சிருக்கார்னு 2012 டிசம்பர்ல செய்தி வந்தப்ப நாடாளுமன்றத்துல நின்னு அப்படி ஒண்ணு இருந்ததே இல்லன்னு சொன்னார். 2013 மார்ச் 19 ராஜினாமா. ஏப்ரல் 2 அன்னைக்கு ஆமா, சுமார் 6 லட்சம் யூரோ இருந்துதுன்னு ஒத்துகிட்டார். இங்க ஒரு விஷயம் கவனிங்க, ராஜினாமா அன்னைக்கு வந்த ரியாக்‌ஷனும் ஒத்துகிட்ட அன்னைக்கு வந்த ரியாக்‌ஷனும் ஒண்ணே இல்ல. முதல் நாள் அவரை நம்பினவங்க நிறைய பேர் கூடவே நின்னாங்க, ரெண்டு வாரம் கழிச்சு அவங்கதான் ரொம்ப கொதிச்சாங்க, ஏன்னா ஏமாந்தது அவங்க. கூட இருந்தவன் கத்தற கத்தலுக்கு எதிரி கத்தறதைவிட வெயிட் ஜாஸ்தி, இதை எந்த நாட்டுல வேணா போட்டு பாருங்க, ஒத்து வரும். அதனால ஒரு ரியாக்‌ஷனை படிக்கும்போது எந்த தேதில எழுதினதுன்னு கட்டாயம் பாருங்க.

கமெண்ட்டை எப்படி பிரிக்கிறது

கட்சி ஆளுங்களை முதல்ல ஒதுக்குங்க. அவங்க எழுதறதுல பொய் இருக்கும்னு சொல்லல, ஆனா அது முன்னாடியே எழுதி வச்சது, பேரை மட்டும் மாத்தி போடுவாங்க. சின்ன டெஸ்ட் இருக்கு: அந்த கமெண்ட்ல மந்திரி பேரை எடுத்துட்டு எதிர்கட்சில ஒருத்தர் பேரை போடுங்க, எழுதினவர் அப்பவும் அதையே சொல்லுவாரா? பழைய போஸ்ட்டை ரெண்டு நிமிஷம் தேடினா பதில் கிடைச்சிடும். இந்த டெஸ்ட்டை நமக்கு நாமே போட்டுக்கறதுதான் கஷ்டம், எனக்கு ரெண்டு தடவை ஃபெயில்.

அடுத்தது நான் ஒழுங்கா கட்டறேனேன்னு எழுதறவங்க. இவங்களைத்தான் நான் ரொம்ப கவனிச்சு படிப்பேன். சம்பளத்துல பிடிச்சிட்டு மீதியை கையில குடுக்கற ஆளுக்கு தப்பு பண்ண சான்ஸே கிடையாது, லேட்டா கட்டினா அபராதம், ஃபார்ம்ல ஒரு கட்டத்தை விட்டா நோட்டீஸ், அவர் போய் எனக்கு சட்டம் சரியா புரியலங்கன்னு சொன்னா ஆபீசர் விடுவாரா? இந்த கோபத்துல கட்சி கம்மி, அனுபவம் ஜாஸ்தி. இதே கூட்டத்துலயே எதிர்ப்பக்கமும் இருக்கு பாருங்க, எனக்கும் அந்த ஃபார்ம் ஒரு எழவும் புரியல, அவங்களுக்கு எப்படி புரியும்னு எழுதறவங்க. ரேனர் விஷயத்துல, உடம்பு முடியாத பிள்ளைங்களை வளக்கற பெத்தவங்க சில பேர் அந்த டிரஸ்ட் சிக்கல் என்னன்னு எங்களுக்கு தெரியும்னு சொன்னாங்க, அதெல்லாம் ஆயிரம் லைக் வாங்கற வகை இல்ல, கீழ போய் தேடித்தான் படிக்கணும்.

கிண்டலை தள்ளிடாதீங்க. 2014 ல பிரான்ஸ்ல தோமா தேவெனூன்னு ஒரு இணை மந்திரி பதவியேத்து ஒம்பதே நாள்ல போனார், வருமான வரி கணக்கே ஒழுங்கா தாக்கல் பண்ணல. காரணம் கேட்டா எனக்கு நிர்வாக பேப்பர்னாலே பயம், அது ஒரு ஃபோபியான்னு சொன்னார். அவ்வளவுதான், நாடே அந்த வார்த்தையை பிடிச்சிகிச்சு, பில் கட்ட மறந்தவன்லேர்ந்து ஹோம்வொர்க் பண்ணாத பையன் வரைக்கும் எனக்கு ஃபோபியான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. இதுல கூடுதல் கூத்து என்னன்னா கஹுஸாக் விவகாரத்தை விசாரிச்ச நாடாளுமன்ற கமிட்டில இவரும் ஒரு உறுப்பினர். ஒரு சாக்கு ஜோக்கா மாறிடுச்சுன்னா அதை யாரும் நம்பலன்னு அர்த்தம், அதுக்கு தனியா சர்வே எடுக்க வேண்டாம்.

எல்லாவனும் இப்படித்தான்னு ஒத்த வரில முடிக்கறவங்களை பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. அவங்க இந்த கேஸை படிக்கவே இல்ல.

சர்வே வந்தா

கேள்வியை படிங்க, சதவீதத்தை அப்புறம் பாக்கலாம். ராஜினாமா பண்ணணுமான்னு கேட்டதா, ராஜினாமா பண்ணது சரியான்னு கேட்டதா? முதல் கேள்விக்கு தயங்கினவன் ரெண்டாவதுக்கு சரிதான்னு சுலபமா சொல்லுவான், நடந்து முடிஞ்சதை ஏத்துக்கறது ஈஸி. எந்த தேதில எடுத்தது, அறிக்கை வர்றதுக்கு முன்னாடியா பின்னாடியா, இது ரெண்டும் தெரியலன்னா அந்த கிராஃபை ஷேர் பண்ணாதீங்க. சேனல்காரங்க ஆன்லைன்ல வைக்கற ஓட்டெடுப்பை சர்வேன்னு சொல்லாதீங்க ப்ளீஸ், அதுல யாரு வந்து குத்தினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

நீங்களும் எழுதணும்னா

எழுதுங்க, தப்பில்ல. ஏய்ப்புங்கற வார்த்தையை மட்டும் கோர்ட்டோ வரித்துறையோ சொல்ற வரைக்கும் தொடாதீங்க, கம்மியா கட்டியிருக்காங்கன்னு எழுதினாலே போதும், விஷயம் போய் சேரும். பிள்ளைங்க, உடம்பு, குடும்பம் இதெல்லாம் அந்த வரி கணக்கை புரிஞ்சிக்க தேவைப்பட்டா ஒரு வாக்கியம், இல்லன்னா அதுவும் வேண்டாம். வீடு எங்க இருக்குன்னு படம் போடறது அசிங்கம், அந்த சுவத்துல பெயிண்ட் அடிச்சவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருக்கணும்ல. ராஜினாமா பண்ணிட்டாங்கன்னா குற்றத்தை ஒத்துகிட்டாங்கன்னும் எழுதாதீங்க, பண்ணலன்னா நிரபராதின்னும் எழுதாதீங்க, ரெண்டும் வேற வேற.

இன்னும் ஒண்ணு, ராஜினாமா பண்ணது எந்த பதவிலேர்ந்துன்னு பாருங்க. மந்திரி பதவி போனா எம்பி பதவியும் போச்சுன்னு பாதி பேர் நினைச்சிகிட்டு கொண்டாடறாங்க. தேவெனூ கட்சியை விட்டு போனார், ஆனா 2017 வரைக்கும் எம்பியாவே உக்காந்திருந்தார்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை திரும்பி வாங்க

இதை யாரும் பண்றதில்ல, நானும் காலண்டர்ல போட்டு வச்சாத்தான் பண்றேன். அன்னைக்கு கத்தினது எதுல போய் முடிஞ்சுதுன்னு பாக்கணும். கஹுஸாக் விஷயத்துல ஜனங்க கொதிச்ச கொதிப்புல மந்திரிகள் சொத்து கணக்கு வெளில வந்துது, அதே வருஷம் அதுக்குன்னு தனி சட்டமும் கண்காணிக்க ஒரு அமைப்பும் வந்துது. அந்த சத்தத்துக்கு பலன் இருந்துது.

ஐஸ்லாந்து கதை வேற மாதிரி. 2016 ஏப்ரல்ல பனாமா பேப்பர்ஸ்ல, அதாவது யார் யார் வெளிநாட்டுல ரகசிய கம்பெனி வச்சிருக்காங்கன்னு கசிஞ்ச ஆவணங்கள்ல, பிரதமர் சிக்முண்டூர் குன்லாக்சன் பேர் வந்துது, மனைவியோட சேந்து வெளிநாட்டுல வச்சிருந்த கம்பெனில தன் பாதி பங்கை 2009 கடைசி நாள் மனைவிக்கு ஒரு டாலருக்கு வித்திருந்தார், மறுநாள் இந்த மாதிரி வெளிநாட்டு கம்பெனி பங்கு பத்தின புது சட்டம் அமலுக்கு வருது. வரி எல்லாம் ஒழுங்கா கட்டியாச்சுன்னு அவங்க பக்கம் சொன்னாங்க, யாரும் காது குடுக்கல. மொத்தமே மூணேகால் லட்சம் சொச்சம் ஜனம் இருக்கற நாட்டுல ஆயிரக்கணக்கான பேர் நாடாளுமன்றத்துக்கு முன்னாடி கூடி முட்டை அடிச்சாங்க, மறுநாளே பதவி விலகறதா அறிவிச்சாச்சு. அந்த கூட்டத்து படத்தை பாத்தா இந்த மனுஷன் அரசியல் இதோட காலின்னுதான் தோணும், நானும் அப்படித்தான் யார்கிட்டயோ பெட் கட்டாத குறையா சொன்னேன். 2017 ல புதுசா ஒரு கட்சி ஆரம்பிச்சார், அந்த வருஷ தேர்தல்லயே 7 சீட்.