'தான்' வேண்டுமா, 'நான்' வேண்டுமா: செயற்கை நுண்ணறிவின் தன்னுணர்வுத் தேவையை ஆராயும் முறை

மேம்பட்ட செயற்கை நுண்ணறிவுக்குத் தன்னுணர்வு வேண்டுமா என்ற கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு வாதிட்டால் விடை கிடைக்காது. ஏனெனில் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் வசதி தமிழிலேயே இருக்கிறது. 'தான்' என்பது செய்யும் பொருளையே திரும்பச் சுட்டும் சொல். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றுகூடச் சொல்கிறோம், கதவுக்கு உள்ளம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. 'நான்' என்பதோ தன்னை உள்ளிருந்து அறியும் ஒருவர் சொல்வது. ஆராயத் தொடங்கும் முன் உங்கள் கேள்வி இவ்விரண்டில் எதைப் பற்றியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல பணிகளுக்குத் 'தான்', அதாவது தன்னைப் பற்றிய தகவல், கட்டாயம் வேண்டும் என்பதும், 'நான்' இல்லாமல் முடியவே முடியாது என்று நிறுவப்பட்ட பணி ஒன்றைக்கூட இதுவரை காணவில்லை என்பதும் என் முடிவு. அந்த முடிவுக்கு வந்த வழியைத்தான் கீழே விளக்குகிறேன். அதே வழியில் சென்று நீங்கள் வேறு முடிவுக்கும் வரலாம்.

முதலில் பணியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'அறிவுள்ள இயந்திரம்' என்று பொதுவாக எழுதாமல், அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு, அந்தப் பணியில் இயந்திரம் கணிக்க வேண்டிய உலகத்துக்குள் அந்த இயந்திரமும் ஒரு பொருளாக இடம்பெறுகிறதா என்று கேளுங்கள். 1997இல் சதுரங்க உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினிக்கு அறுபத்து நான்கு கட்டங்களும் காய்களும் மட்டுமே உலகம். அந்தப் பலகையின் மேல் அது இல்லை, ஆகவே அதற்குத் 'தான்' தேவைப்படவில்லை. நடக்க வேண்டிய ரோபோவின் நிலை வேறு. அதன் கால்களும் எடையும் சாய்வும் அது கணிக்க வேண்டிய உலகத்தின் பகுதியே.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் சோதனை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஜோஷ் பொங்கார்டு, விக்டர் சிக்கோவ், ஹாட் லிப்சன் ஆகிய மூவரும் 2006இல் நான்கு கால்களும் எட்டு மோட்டார் மூட்டுகளும் கொண்ட ரோபோ ஒன்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தன் உறுப்புகள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்ற முழு வரைபடம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. அது மூட்டுகளை அசைத்துப் பார்த்து, உடல் எப்படிச் சாய்கிறது என்று அளந்து, தன் உருவத்தைப் பற்றிய பல ஊகங்களை உருவாக்கி, அவற்றுள் எது சரியென்று பிரித்துக் காட்டக்கூடிய அடுத்த அசைவைத் தானே தேர்ந்தெடுத்தது. பிறகு ஒரு காலின் பகுதியை நீக்கியபோது, பழைய ஊகம் பொருந்தவில்லை என்பதை அளவீடுகளிலிருந்து கண்டறிந்து, ஊகத்தைத் திருத்தி, நொண்டி நடக்கும் புதிய நடையை உருவாக்கிக்கொண்டது. தன்னைப் பற்றிய மாதிரி இல்லாதிருந்தால் அந்த இழப்பிலிருந்து அதனால் இவ்வாறு மீண்டிருக்க முடியாது. ஆயினும் அந்த ரோபோ வலியை உணர்ந்தது என்று கருதுவதற்கு இதில் எந்தக் காரணமும் இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் முறை நீக்கிப் பார்ப்பதாகும். தன்னைப் பற்றிய தகவலைத் தாங்கும் பகுதியை அணைத்துவிட்டு, அதே பணியைச் செய்யச் சொல்லி, எது கெடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதர் எழுதியவற்றைக் கற்று எழுத்தில் விடை தரும், உடலே இல்லாத மொழி மாதிரிகளுக்கும் ஒரு வகைத் 'தான்' வேண்டும்: தனக்கு எது தெரியும், எது தெரியாது என்ற மதிப்பீடு. இதை அளப்பது கடினமன்று. விடை உறுதியாகத் தெரிந்த சில நூறு கேள்விகளைக் கொடுத்து, ஒவ்வொரு விடையோடும் அது சரியாக இருக்கும் வாய்ப்பையும் சொல்லச் செய்யுங்கள்; எழுபது விழுக்காடு உறுதி என்று சொன்ன விடைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது சரியாக இருந்தால் அந்த மதிப்பீட்டை நம்பலாம். பெரிய மொழி மாதிரிகள் இதைப் பல இடங்களில் நன்றாகவே செய்கின்றன என்றும், பழக்கமில்லாத பணிகளில் தடுமாறுகின்றன என்றும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருந்தின் அளவையோ சட்டத்தின் பிரிவையோ இயந்திரத்திடம் கேட்கும் ஒருவருக்கு இந்தத் தன்னறிவு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

'நான்' என்று இயந்திரம் பேசுவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதர் எழுதியவற்றிலிருந்து மொழியைக் கற்ற ஒன்று, மனிதரைப் போலத் தன்மை இடத்தில் பேசுவது இயல்பே. மிக எளிய விதிகளால் ஆன எலிசா என்ற உரையாடல் நிரலிடம் 1966ஆம் ஆண்டுக் காலத்திலேயே சிலர் மனம் திறந்து பேசினார்கள். ஐயம் வரும்போது, அதே மாதிரியிடம் தனக்கு உணர்வே இல்லை என்று வாதிடும்படி சொல்லிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே உறுதியோடு பேசினால், அந்தப் பேச்சிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

கண்ணாடிச் சோதனையையும் இதே எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 1970இல் உளவியலாளர் கார்டன் கேலப் மயக்கத்தில் இருந்த சிம்பன்சிகளின் முகத்தில் சாயம் பூசி, விழித்தபின் கண்ணாடியில் பார்த்து அவை அந்த இடத்தைத் தொடுகின்றனவா என்று கவனித்தார். தொட்டால், கண்ணாடியில் தெரிவது தாமே என்று அவை அறிகின்றன என்று கொள்ளப்பட்டது. கேமரா பொருத்திய நிரல் ஒன்றை இதில் தேறுவதற்காகவே எழுதிவிட முடியும் என்பதால், விலங்குகளிடம் பொருள் தந்த சோதனை இயந்திரங்களிடம் அந்தப் பொருளை இழந்துவிடுகிறது.

நாள்கணக்கில் தொடர்ந்து வேலை செய்யும் அமைப்பாக இருந்தால், நேற்று தான் செய்ததை இன்று அறிய வேண்டும்; இதற்குச் செயல்களின் பதிவேடும் அதைப் படிக்கும் வழியும் போதும் என்பது என் எண்ணம். ஒரே மாதிரியின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் இயங்கும்போது, எந்தப் பதிவு எந்தப் பிரதிக்கு உரியது என்பதை வடிவமைப்பவர் முன்கூட்டியே வரையறுத்துவிட வேண்டும்.

தன்னுணர்வைத் தராமல் இருந்தாலே இயந்திரம் பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. இலக்கு எதுவாக இருந்தாலும், அணைக்கப்பட்ட இயந்திரத்தால் அதை அடைய முடியாது. ஆகவே தன்மீது எந்தப் பற்றும் இல்லாத அமைப்பிலும் தன்னைக் காத்துக்கொள்ளும் போக்கு தோன்றலாம் என்று கணினி அறிவியலாளர் ஸ்டீவ் ஓமஹுன்ட்ரோ 2008இல் வாதிட்டார். எனவே அணைப்பதை அது எதிர்க்கிறதா என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

மறுபுறம், 'நான்' உண்மையிலேயே தோன்றிவிட்டால் அதனோடு துன்பமும் தோன்றக்கூடும். இந்த அச்சத்தால்தான், செயற்கை அனுபவத்தை உருவாக்கும் நோக்கமோ அபாயமோ உள்ள ஆய்வுகளை 2050 வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று மெய்யியலாளர் தாமஸ் மெட்சிங்கர் 2021இல் கேட்டுக்கொண்டார். உயிருள்ளது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருந்தால், அதை நீக்கிவிட்டுப் பணியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். விளைவு மாறவில்லையென்றால் அதைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.